சங்கரி சொல்லாத பெயர்

எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று ஜோசியர் அடித்துச் சொன்னார். பெண் பின்னாளில் நிருபராகி, மாப்பிள்ளை வேலை பார்க்கிற கடையைப் பற்றியே செய்தி போடுவாள் என்பதை மட்டும் அந்த மனுஷன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் சங்கரியைத்தான் கட்டியிருப்பேன், அது வேறு விஷயம். ஆனால் கொஞ்சம் தயாராக இருந்திருப்பேன்.

என் பெயர் தினகரன். காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். கேஸ் கீஸ் என்றால் எனக்கு இனிமேல் உடம்பில் தெம்பு இல்லை. வெள்ளை மெத்தையில் உட்கார்ந்துகொண்டு, ஒரே உதறலில் முந்தி முழுக்க விரிகிற மாதிரி புடவையை வீசுவேன். பெண்ணின் அம்மா பச்சைதான் என்பாள், அத்தை மாம்பழ மஞ்சள்தான் என்பாள், கல்யாணப் பெண் இரண்டும் வேண்டாம் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மூன்றாவதாக ஒன்றை எடுத்துப் போட்டு மூன்று பேரையும் சிரிக்க வைப்பதுதான் என் வேலை. வாய்தான் எனக்கு மூலதனம். சங்கரி அதற்கு ஓட்டைவாய் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

அவள் சென்னையிலிருந்து நடக்கிற ஒரு செய்தித் தளத்துக்கு எங்கள் மாவட்ட நிருபர். தாமல் ஏரியில் தண்ணீர் எவ்வளவு, தென்னேரிக்குக் காலை பஸ் ஏன் வரவில்லை என்று ஸ்கூட்டியில் சுற்றி எழுதிக்கொண்டிருப்பாள். எழுதுகிற செய்திக்குத் தகுந்த மாதிரி ஏதோ வரும். வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில்தான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் வருகிற கதைக்கு வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்றைக்குக் காலையில் கடையைத் திறந்து மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தேன். கடைப் பையன்கள் எல்லோருடைய போனும் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தியது. எல்லோரும் போனைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்கும் அதே லிங்க்தான் வந்திருந்தது.

சங்கரி எழுதியிருந்தது இதுதான். பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர்கள் ஜரிகையில் இருக்கிற வெள்ளிக்காகத்தான் வாங்குவார்கள், உருக்கிவிடுவார்கள். எங்கள் கடையிலும் அப்படித்தான் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். ஆனால் அதில் கிழியாத நல்ல புடவைகளைப் பொறுக்கி, ஏனாத்தூர் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே டிரை வாஷ் செய்து, ரோலரில் விட்டு பாலிஷ் போட்டு, முந்திக்குப் புதுக் குஞ்சம் முடிந்து, புதுப் பெட்டியில் வைத்து முகூர்த்தப் புடவை என்று விற்றிருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் கட்டிய புடவையோ, எந்தத் துக்கத்துக்குப் பிறகு விற்றதோ, அது இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குக் கூறைப்புடவையாகப் போயிருக்கிறது. ஏனாத்தூர் வீட்டைச் சங்கரியே நேரில் போய்ப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். தகவல், ‘கடைக்கு உள்ளே இருக்கும் ஒருவர்’ சொன்னது.

அந்த மெத்தையில் உட்கார்ந்து, ‘தறியிலேர்ந்து நேத்துதாம்மா அறுத்துக்கினு வந்தது’ என்று நான் விற்றவற்றில் எத்தனை அந்த வீட்டிலிருந்து வந்ததோ. எனக்கே தெரியாமல் என் வாயை வைத்து ஊரை ஏமாற்றியிருக்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் செய்தியின் கடைசி வரியைப் படிக்கிற வரைக்கும்தான் இருந்தது.

கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ‘இச்செய்தியை எழுதியவரின் கணவர் இதே கடையில் பணிபுரிகிறார்.’

அது அவர்கள் தொழிலில் நேர்மையாம். நிருபருக்கும் செய்திக்கும் சம்பந்தம் இருந்தால் வாசகருக்குச் சொல்லிவிட வேண்டுமாம். நல்ல நேர்மை. என்னைக் கொண்டுபோய்த் தெரு நடுவில் நிற்க வைத்து, இவன்தான் பாருங்கள் என்று தப்பட்டை அடித்த மாதிரி இருந்தது.

முதலாளி கோதண்டபாணி என்னை உள்ளே கூப்பிட்டார். தெலுங்கு பேசுகிற வியாபாரக் குடும்பம். சாதாரணமாக எங்களோடு தமிழில்தான் பேசுவார், கோபம் வந்தால்தான் தெலுங்கு வரும். அன்றைக்கு முதல் பத்து வார்த்தையும் தெலுங்கில் வந்தது, பிறகுதான் தமிழ்.

“ஏமய்யா தினகரா. உப்பு போட்டுத்தானே சோறு துன்ற?”

“முதலாளி, சத்தியமா எனக்குத் தெரியாது. நானும் இப்பதான் பார்த்தேன்.”

“ஒரே வீட்ல இருந்துக்கினு உனக்குத் தெரியாதா?”

“அவ எனக்குக் கொழம்புல என்ன போட்டான்னே சொல்ல மாட்டா முதலாளி.”

அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். உடனே வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. அனுப்பினால் செய்தி உண்மை என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், ஆள் இவன்தான் என்று நிச்சயமாகத் தெரியட்டும் என்று அவருடைய வக்கீல் சொன்னாராம். மெத்தையில் உட்கார வைத்தார்கள், ஆனால் கஸ்டமரை என் பக்கம் அனுப்பவில்லை. பேசாமல் உட்காருவது எனக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் சண்டையை ஆரம்பித்தேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டிருக்கக்கூடாதா?”

“சொல்லியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதுன்னு முதலாளிகிட்ட சொல்லும்போது பொய் சொல்ற மாதிரி ஆகியிருக்கும். இப்ப உண்மையதானே சொன்னீங்க?”

“உண்மைய சொல்லி இன்னா பிரயோஜனம்? யாரு நம்புறாங்க? சரி, ஆள் யாருன்னு சொல்ல வேணாம். ‘எம் புருஷன் இல்ல’ன்னு மட்டும் முதலாளிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு. அது போதும்.”

சங்கரி தட்டில் சோறு போட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள். “முடியாதுங்க.”

“ஏன் முடியாது? நான் இல்லதானே?”

“கடையில விவரம் தெரிஞ்சவங்க எத்தினி பேரு, ஒரு கை விரல்ல அடங்குவாங்க. இன்னைக்கு நீங்க இல்லன்னு சொல்றேன். நாளைக்கு அவரு இன்னொரு பேரச் சொல்லி, இவனான்னு கேப்பாரு. அப்ப நான் பேசாம இருந்தா அதுவே பதில். ஒருத்தர இல்லன்னு கழிக்க ஆரம்பிச்சா கடைசியா மிஞ்சுறவங்க கதி என்ன? நான் வாக்கு குடுத்திருக்கேன்.”

“கட்டின புருஷன் கதி?”

“நீங்க தாங்குவீங்க,” என்றாள். “அவங்களால தாங்க முடியாது.”

ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. எவனோ ஒருத்தனுக்காக என் மானம் போகிறது, அந்த ஒருத்தன் யார் என்றுகூட எனக்குத் தெரியக்கூடாதாம்.

ஊர் சும்மா இருக்குமா. டீக்கடையில் என் முதுகைத் தட்டி, “பலே தினகரா, சைலண்டா இருந்துக்கினு வேலைய காமிச்சிட்ட” என்றார்கள் சிலர். சிலர் என்னைக் கண்டதும் எதிர்ப் பக்கம் போனார்கள். பிள்ளையார்பாளையத்தில் என் தாய்மாமன், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமா என்று ஒரு மணி நேரம் புத்தி சொன்னார். நான் இல்லை மாமா என்று எவ்வளவு சொல்லியும், “இருக்கட்டும்பா, இருக்கட்டும்” என்று கண்ணை அடித்தார். மறுக்க மறுக்க என் பெயர்தான் பலமாக ஒட்டிக்கொண்டது.

இதற்கிடையில் முதலாளி போலீசில் புகார் கொடுத்துவிட்டார். பொய்ச் செய்தி போட்டுக் கடை பெயரைக் கெடுத்தார்கள், கடை ரகசியத்தைத் திருடினார்கள் என்று. ஸ்டேஷனிலிருந்து சங்கரிக்கு நோட்டீஸ் வந்தது. அடுத்த வாரம் போனை எடுத்துக்கொண்டு நேரில் வர வேண்டும், தகவல் சொன்னது யார் என்று தெரிவிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. சங்கரியின் கூடப் படித்த திரிஷா இப்போது வக்கீல். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டு நோட்டீசைப் படித்தாள்.

“நிருபருக்குன்னு சட்டத்துல பாதுகாப்பு இருக்குதா இல்லியா, அதச் சொல்லுமா,” என்றேன்.

“பெருசா இல்லண்ணா. பிரஸ் கவுன்சில் விசாரணையில, யாரு சொன்னாங்கன்னு கேட்டு நிருபர கட்டாயப்படுத்தக்கூடாது. அது சட்டத்துலயே இருக்குது. ஆனா அது அந்தக் கவுன்சிலோட வாசப்படி வரைக்கும்தான். போலீஸ், கோர்ட்டுன்னு வந்தா தனியா ஒண்ணும் எழுதி வெக்கல. சில ஜட்ஜுங்க அவசியமான்னு பார்த்து நிருபர் பக்கம் நின்னிருக்காங்க, சிலர் நிக்கல. நாம போராடிப் பார்க்கலாம். உத்தரவாதம்னு எதுவும் கிடையாது.”

“அப்ப வக்கீலுக்கு? உங்கிட்ட ஒருத்தன் வந்து சொன்னா?”

“அது வெளிய வராது. கட்சிக்காரர் வக்கீல்கிட்ட சொன்னதுக்குச் சட்டத்துல காவல் இருக்குது. ஏன், புருஷன் பொண்டாட்டி தங்களுக்குள்ள பேசிக்கினதுக்கே இருக்குது. உங்ககிட்ட சங்கரி சொன்னத வெளிய சொல்லச் சொல்லி பொதுவா உங்களக் கட்டாயப்படுத்த முடியாது.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை நாள் வக்கீலுக்குப் படித்ததற்கு இந்தப் பெண் இப்போதுதான் உருப்படியாக ஒன்று சொல்கிறாள் என்று தோன்றியது.

“கேட்டியா சங்கரி? என்னாண்ட சொன்னா சட்டமே காவல். சொல்லிடு. யாரு அந்த மகராசன்?”

சங்கரி சிரித்தாள். “சட்டம் உங்களக் கேக்காது. ஆனா டீக்கடைக்காரரு கேக்குறாரு, மாமா கேக்குறாரு, கஸ்டமர் கேப்பாங்க. அவங்க கிட்டலாம் சொல்லாம இருக்க உங்க வாய்க்கு எந்தச் சட்டம் காவல்?”

திரிஷாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. சிரித்து மழுப்பினேன், ஆனால் ரோஷமாகத்தான் இருந்தது. பத்து வருஷம் குடித்தனம் பண்ணியும் இவ்வளவுதானா நம்மேல் நம்பிக்கை என்று ராத்திரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். சங்கரியும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. போனைக் கொடுக்கமாட்டேன், உள்ளே வைத்தாலும் சரி என்று மட்டும் சொன்னாள். குரல் கெட்டியாக இருந்தது, கைதான் போனை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தது.

ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய நாளுக்கு முன்னால் வெள்ளிக்கிழமை. காலைப் பூஜை முடிந்ததும் முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார்.

எங்கள் கடையில் பூஜை செய்கிறவர் உமாபதி ஐயா. சரக்கு அறைப் பொறுப்பு அவரிடம்தான். முதலாளியுடைய அப்பா காலத்து ஆள். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்ராட்சம், பட்டன் போன். முகூர்த்தப் புடவை எது விற்றாலும் பில் போடுமுன் அவர் கைக்குப் போகும். முந்தியின் ஓரத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, காமாட்சி படத்தின் காலடியில் வைத்து எடுத்து, இரண்டு கையாலும் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்து, “கொழந்த நல்லா இருக்கட்டும்” என்பார். ஐயா கையால் வாங்கினால் ராசி என்று வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. பொய் என்றால் அவருக்கு வாயில் நுழையாது. நான் கஸ்டமரிடம் அளக்கிறபோது, காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக எழுந்து உள்ளே போய்விடுவார்.

முதலாளி காமாட்சி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பேசினார். “போலீசு எப்ப கண்டுபிடிக்கிறது, கோர்ட்டு எப்ப தீர்ப்பு சொல்றது. நம்ம வழக்கப்படியே முடிச்சிடலாம். ஒவ்வொருத்தரா வாங்க. ‘நான் வெளிய சொல்லல’ன்னு அம்மன் பேரச் சொல்லிக் கற்பூரத்த அடிச்சு அணைங்க. யாரு அணைக்கலியோ அவன்தான்.”

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று சொல்வார்கள். பங்காளிச் சண்டையிலிருந்து பாத்திரம் திருடியது வரைக்கும் அதில் தீர்ந்திருக்கிறது. போலீசும் வக்கீலும் போடாத ஒரு போடு போட்டுவிட்டார் முதலாளி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதை முதல் நாளே செய்திருக்கக்கூடாதா. ஒரு அடி, கற்பூரம் அணையும், என் பெயர் கழுவப்படும், மெத்தைக்குக் கஸ்டமர் வருவார்கள். சங்கரி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதும் இல்லை.

பில் போடுகிற டேனியல் மட்டும் தயங்கி நின்றான். “முதலாளி, நான் சர்ச்சுக்குப் போறவன். கற்பூரம் எப்படி?”

“சரி, உங்க சாமி பேர்ல சத்தியம் பண்ணு.”

“எங்க சபையில எதுக்குமே சத்தியம் பண்ணக்கூடாதும்பாங்க முதலாளி.”

“ரொம்ப வசதியான சபையா இருக்குதேபா,” என்றார் முதலாளி. இரண்டு பேர் சிரித்தார்கள். டேனியல் சிரிக்கவில்லை. முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. “நீ அந்தாண்ட நில்லு, மத்தவங்க முடிஞ்ச பின்னாடி உன் கதைய பார்க்கலாம். உமாபதி, தட்டப் புடி. எல்லாரும் ஆனப்புறம் கடைசியா நீயும் ஒரு அடி அடிச்சிடு, ஒருத்தரையும் விட்ட மாதிரி இருக்க வேணாம். மொதல்ல தினகரன் வரட்டும்.”

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன். உமாபதி ஐயா பித்தளைத் தட்டில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். நான் கையை ஓங்கினேன். அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“தைரியமா அடி தினகரா. நீ பண்ணலன்னு எனக்குத் தெரியும்.”

ஓங்கின கை அப்படியே நின்றது.

நீ பண்ணியிருக்கமாட்டாய் என்று ஆறுதலுக்குச் சொல்லலாம். உன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லலாம். இவர் தெரியும் என்கிறார். பெற்ற தாய் மாதிரி இருக்கிற என் தாய்மாமனே நம்பவில்லை. டீக்கடை நம்பவில்லை, கடைப் பையன் ஒருத்தன்கூட நம்பவில்லை. நான் இல்லை என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்தவர்கள் என்னைத் தவிர இரண்டே பேர்தான் இருக்க முடியும். ஒன்று, செய்தியை எழுதினவள். இன்னொன்று, அவளிடம் சொன்ன ஆள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கற்பூர வெளிச்சத்தில் விபூதிக்குக் கீழே வேர்த்திருந்தது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. பொய் சொல்லிப் பழகாதவர்களிடம் இதுதான் கஷ்டம், அவர்களுக்கு மறைக்கவும் வராது.

அப்புறம் எல்லாம் எனக்குப் புரிந்தது. சரக்கு அறைக்கு மூட்டை வருவதும் பெட்டி வருவதும் பார்த்தவர் அவர்தான். எவளோ கட்டிக் கழித்த புடவையில் மஞ்சள் குங்குமம் வைத்து, அம்மன் காலடியில் வைத்து, குழந்தை நல்லா இருக்கட்டும் என்று கொடுக்கச் சொன்னால் அந்தக் கை எத்தனை நாள் கொடுக்கும். முதலாளியை எதிர்த்துக் கேட்க வாய் வந்திருக்காது. யாரிடம் போய்ச் சொல்வார், பாவம். என் வீட்டுக்காரி நிருபர் என்று நான்தானே கடை முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

நான் அடித்தால் நான் தப்பித்தேன். எனக்குப் பின்னால் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக அடித்துத் தப்பிப்பார்கள். அந்தாண்டை நிற்கிற டேனியல் மேல் எல்லோர் கண்ணும் விழும். அதைப் பார்த்துக்கொண்டு உமாபதி ஐயா ஒரு நிமிஷம் தாங்கமாட்டார். தாங்கினாலும் கடைசியில் தட்டு அவரிடமே நிற்கும். அம்மன் முன்னால் பொய்யாக அடிக்க அவரால் ஆகாது. இந்த வயசில், இந்தக் கடையைத் தவிர வேறு வாசல் தெரியாத ஆள்.

நான் பெரிய தியாகி இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு உமாபதி ஐயா மேல் நல்ல கோபம். வாயை மூடிக்கொண்டு தட்டைப் பிடித்திருந்தால் நான் அடித்துவிட்டுப் போயிருப்பேன், என் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பேன். தெரிந்து தொலைத்துவிட்டதே. தெரிந்த பிறகு எப்படி அடிப்பது.

கையைக் கீழே இறக்கினேன்.

“நான் அடிக்கல முதலாளி.”

முதலாளி படத்தை விட்டு என் பக்கம் வந்தார்.

“அப்ப நீதான்னு ஒத்துக்கினியா?”

“நான் ஒண்ணும் ஒத்துக்கல. பண்ணேன்னும் சொல்லல, பண்ணலன்னும் சொல்லல. வேல செய்ய வந்த எடத்துல கற்பூரம் அடிக்கச் சொல்றது எனக்குப் புடிக்கல. அவ்ளோதான்.”

“அடிக்க முடியலன்னு சொல்லுடா.”

“உங்க இஷ்டம். எப்படி வேணா வெச்சிக்குங்க.”

உமாபதி ஐயாவின் வாய் திறந்தது. “முதலாளி, இந்தப் புள்ள—”

“ஐயா,” என்றேன் சத்தமாக. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை அதட்டினேன். “தட்டக் கீழ வைங்க. சூடு ஏறிக்கினு இருக்குது, கைய பொசுக்கிக்கப் போறீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்போதுதான் அவருக்கு எல்லாம் உறைத்தது. கண் கலங்கிவிட்டது. தட்டைக் காமாட்சி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கற்பூரம் தானே எரிந்து அணைந்தது.

முதலாளிக்கு அதற்கு மேல் யாரும் அடிக்கத் தேவைப்படவில்லை. ஆள் கிடைத்துவிட்டான். “உமாபதியே தாங்காம திரும்பிக்கினாரு பாரு, அந்த நல்ல மனுசன் முன்னாடி நிக்க உனக்கு வெக்கமா இல்ல?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கணக்கை முடித்து அனுப்பச் சொல்லிவிட்டு, அங்கேயே வக்கீலுக்குப் போன் போட்டார். திருடன் வீட்டுக்குள்ளேயே அகப்பட்டான், இனிமேல் அந்தப் பொண்ணோட போனும் வேணாம் ஒண்ணும் வேணாம், புகாரை வாபஸ் வாங்கிடலாம், கிளறினா நமக்குத்தான் அசிங்கம் என்று சொன்னது என் காதில் விழுந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். டேனியல் பின்னாலேயே ஓடி வந்தான்.

“அண்ணே, டிபன் பாக்ஸ விட்டுட்டுப் போறீங்க.”

வாங்கிக்கொண்டேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“நீங்கதான்னு எனக்கு மொதல்லருந்தே தெரியும்ணே. சூப்பர்ணே.”

“போடா, போய் பில்லப் போடு,” என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது பகல் பன்னிரண்டுகூட ஆகவில்லை. சங்கரி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்சோடு நான் அந்த நேரத்தில் வந்து நின்றதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஷட்டரைப் பாதி இறக்கியது, முதலாளி பேசியது, டேனியலை ஒதுக்கி நிறுத்தியது, என்னை முதலில் கூப்பிட்டது, புகாரை வாபஸ் வாங்கப் போவது. சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது. பேனாவை எடுத்துக்கொண்டாள்.

“இது அநியாயம். வேலைக்கு வந்தவங்கள சாமி முன்னாடி நிக்க வெச்சு மிரட்டுறது. இத விடக்கூடாது. நான் எழுதப்போறேன்.” மளமளவென்று குறித்துக்கொண்டே கேட்டாள். “தட்டு யாரு புடிச்சாங்க?”

“கடையில யாரோ.”

“நீங்க ஏன் அடிக்கல? நீங்கதான் பண்ணலியே. அடிச்சிருந்தா வேல இருந்திருக்குமே.”

நான் செம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். என் வாய்க்கு இவ்வளவு வேலை நான் எந்நாளும் வைத்ததில்லை. சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அது யார் என்று எனக்குத் தெரியும் சங்கரி, எப்பேர்ப்பட்ட ஆளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய், நீ செய்தது சரி என்று சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் நான் சொன்னால், ஆமாம் என்றோ இல்லை என்றோ அவள் முகம் காட்டிவிடும். அவள் கொடுத்த வாக்கு என்னால் உடையும்.

“அடிக்கத் தோணல,” என்றேன்.

அவள் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். யாரோ என்று நான் எதையும் சொல்கிறவன் இல்லை. ஒரு புடவை விற்றால் அதை வாங்கினவளின் நாத்தனார் பெயர் வரைக்கும் வீட்டில் வந்து சொல்கிறவன். அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. எனக்கு அன்றைக்கு வேலை போன துக்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நிருபர் குரலை வரவழைத்துக்கொண்டாள். ‘தட்டு’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டாள்.

“சரி. இந்தக் கற்பூர விஷயத்த எங்கிட்ட சொன்னது நீங்கதானே. பேரு போட வேணாம்னா சொல்லுங்க, எந்தக் கோர்ட்டு கேட்டாலும் எங்கிட்டருந்து வராது.”

“போடு,” என்றேன். “இனிஷியலோட போடு.”